17½-ல் பட்டாளம், 18-ல் ஓட்டு, 21-ல் மது: மகன் கேட்பது நியாயம்தானா?

குன்னூர் வட்டாரத்திலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் இது. பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சுருக்கித் தருகிறேன்.

கொஞ்சம் தேயிலை வைத்திருக்கும் குடும்பம். கணவர் மதராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். மகன் பிளஸ் டூ எழுதப்போகிறான், கூடவே அக்னிவீர் (நான்கு ஆண்டு ராணுவப் பணி) தேர்வுக்கும் தயாராகிறான். உறைபனியில் ஓட்டப் பயிற்சிக்குக் கிளம்பும் மகனுக்காக நாலரை மணிக்கே எழுந்து அடுப்புப் பற்றவைக்கிறவர் இந்த அம்மா. "அவன் பட்டாளத்துக்குப் போறது எனக்கு முழுசாப் பிடிக்கலை, தடுக்கவும் மனசு வரலை" என்கிறார்.

போன மாதம் கணவரின் அண்ணன் மகனுக்கு வெலிங்டனில் கசம் பரேடு, அதாவது பயிற்சி முடித்தவர்கள் உறுதிமொழி எடுக்கும் அணிவகுப்பு. குடும்பமே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. அன்று ராத்திரி வீட்டில் கறிவிருந்து. கணவர் ராணுவ கேன்டீன் ரம்மை ஒரு சில்வர் டம்ளரில் ஊற்றி, சுடுதண்ணீர் கலந்து, மகன் கையில் கொடுத்து, "அடுத்த வருஷம் நீயும் ஜவான்தானே, பிடிடா" என்றிருக்கிறார். அம்மா டம்ளரைப் பிடுங்கப் போக, சுற்றி இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். இரண்டு வாரம் கழித்து, மகனும் நண்பர்களும் சாலையோரத்தில் பீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தபோது ரோந்து போலீஸ் பிடித்து, பெயர்களை எழுதிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டது. பீரை வாங்கித் தந்தவன் வயதில் மூத்த நண்பன்.

வீட்டில் சண்டை. மகன் திருப்பிக் கேட்டது இது: "17½ வயசுல துப்பாக்கி தூக்கலாம். 18-ல ஓட்டுப் போட்டு ஆட்சியையே மாத்தலாம். ஒரு பீர் வாங்க மட்டும் 21 ஆகணுமா? கர்நாடகா பார்டரைத் தாண்டினா 18 போதும். இது என்ன நியாயம்? கேஸ் போட்டா நிக்காது." அம்மாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கணவரோ, "பையன் பாயிண்டாத்தான் பேசுறான்" என்றிருக்கிறார்.

அம்மா என்னிடம் கேட்பவை: நான் கையெழுத்துப் போடாவிட்டால் அவன் பட்டாளத்தில் சேர முடியாதா? கணவர் செய்தது குற்றமா? போலீஸ் பெயர் எழுதியதால் வேலை போய்விடுமா? மகன் கேட்பதற்கு என்ன பதில்? கடைசியில் ஓரமாக ஒரு வரி: மகனின் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு பிறந்த தேதி, பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று, மூன்று மாத வித்தியாசம். அதனால் ஏதும் வருமா?

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மகன் கேட்டது விடலைத்தனமான கேள்வி இல்லை. பெரிய நாடாளுமன்றங்களே தடுமாறிய கேள்வி. அதற்கு ஒரு பதில் இருக்கிறது, ஆனால் அது அவன் எதிர்பார்க்கிற பக்கம் போகாது. முதலில் வீட்டு விஷயங்களை முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

கையெழுத்து

18 நிறையாத பையனைச் சேர்க்கும்போது பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திட வேண்டும் என்பது அக்னிபத் திட்டத்தின் நிபந்தனை. ஆனால் அப்பா, அம்மா இருவரும் போட்டால்தான் செல்லும் என்று இல்லை. இந்துக் குடும்பங்களில் மைனர் பிள்ளைக்கு இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் பிறகு தாய் என்று 1956-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 1999-ல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தாயின் இடத்தைக் கொஞ்சம் அகலப்படுத்தியது. தந்தை உயிரோடு இருந்தாலும், பிள்ளையின் பொறுப்பை அவர் கவனிக்காத நிலையில் தாயே காப்பாளராகச் செயல்படலாம் என்றது. உங்கள் வீட்டு நிலைமை அது இல்லை. உங்கள் கணவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். நீங்கள் மறுத்தாலும் அவர் கையெழுத்துப் போதும்.

இன்னொன்று. விண்ணப்பம், ஆன்லைன் தேர்வு, 1.6 கிலோமீட்டர் ஓட்டம், மெடிக்கல், மெரிட் லிஸ்ட் என்று எல்லாம் முடிவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அதற்குள் மகனுக்கு 18 நிறைந்துவிட்டால் யார் கையெழுத்தும் தேவையில்லை. அதனால் கையெழுத்தை ஆயுதமாக எடுக்காதீர்கள். தடுக்கவும் முடியாது, மகனோடு பேச்சும் முறிந்துபோகும்.

அதைவிட, கணவர் சொல்லும் ஒரு விஷயத்தைத் திருத்துங்கள். "என்னைப் போல பென்ஷன், கேன்டீன் கார்டு எல்லாம் வரும்" என்று அவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். 2022-ல் வந்த அக்னிபத் வேறு கணக்கு. நான்கு ஆண்டு பணி. முடிவில் அதிகபட்சம் நாலில் ஒருவரைத்தான் நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு வட்டியோடு சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதி கிடைக்கும், பென்ஷன் கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் கிடையாது. பணியில் இருக்கும்வரை 48 லட்சம் ரூபாய்க்குக் காப்பீடு உண்டு. 22 வயதில் அந்தப் பணத்தோடு வீட்டுக்கு வரும் பையன் அடுத்து என்ன செய்வான் என்பதை இப்போதே உட்கார்ந்து பேசுங்கள். அஞ்சல் வழியில் ஒரு பட்டப்படிப்பையும் பதிந்துவைப்பது நல்லது. ஒரு தாயாக நீங்கள் உண்மையில் தலையிட வேண்டிய இடம் இதுதான்.

அந்த டம்ளர்

சங்கடமான பதில்தான். ஆம், குற்றம். 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 77-வது பிரிவு, 18 வயது நிறையாத பிள்ளைக்கு மதுவோ புகையிலையோ கொடுப்பவர் யாராக இருந்தாலும் ஏழு ஆண்டுவரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் என்கிறது. மருத்துவர் சொல்லிக் கொடுப்பது மட்டும் விலக்கு. "அப்பா ஆச்சே, சொந்த வீடாச்சே" என்ற விலக்கு அதில் இல்லை. இதற்காகக் காவல் நிலையத்துக்குப் போங்கள் என்று சொல்லவில்லை. ஒரு விருந்து ராத்திரிக்காக இப்படி வழக்குப் போடுவது அபூர்வம். ஆனாலும் கணவருக்கு இது தெரிய வேண்டும். சட்டம் இதை பீடி, சிகரெட், கஞ்சா கொடுப்பதோடு ஒரே வரியில்தான் வைத்திருக்கிறது. கேன்டீன் பாட்டில் அவருடைய சொந்த உபயோகத்துக்கான கோட்டா என்பதை அவரே உங்களுக்குச் சொல்வார்.

பட்டாளத்துக்குப் போனால் குடிக்கலாம் என்ற எண்ணம் நம் மலையில் ரொம்பப் பழையது. ரிட்டையர் ஆனவர்களின் சாயங்கால டம்ளரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது இயல்பாகத் தோன்றும். ஆனால் 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 48-வது பிரிவைப் படித்தவர்கள் குறைவு. போதையில் இருப்பதே அங்கே குற்றம், டியூட்டியில் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. ஜவானாக இருந்தால் ஆறு மாதம்வரை சிறை, டியூட்டியிலோ போர்ப்பணியிலோ இருந்தால் இரண்டு ஆண்டுவரை. அக்னிவீரரும் இந்தச் சட்டத்தின் கீழ்தான் வருகிறார். ஊர்க்காரன் குடித்துவிட்டுத் தன் வீட்டுக்குள் படுத்துக்கொண்டால் கேட்க ஆள் கிடையாது. ஜவானுக்கு அந்தச் சலுகைகூட இல்லை. உங்கள் கணவருக்கு இது நிச்சயம் தெரியும். மகனிடம் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்.

போலீஸ் எழுதிக்கொண்ட பெயர்

பெயர் எழுதியது வழக்கு ஆகாது. முதல் தகவல் அறிக்கை பதிவானதா, வேறு ஏதும் நடவடிக்கை எடுத்தார்களா என்று கணவரையோ தெரிந்த வக்கீல் ஒருவரையோ விட்டு நிலையத்தில் விசாரியுங்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அப்படியே ஏதாவது பதிவாகியிருந்தாலும், அன்று அவனுக்கு 18 நிறையவில்லை. அது சிறார் நீதி வாரியத்துக்குத்தான் போகும். சிறுவனாக இருந்தபோது நடந்த குற்றம் பிற்காலத்தில் எந்தத் தகுதியிழப்பையும் தரக்கூடாது என்று அதே சட்டத்தின் 24-வது பிரிவு சொல்கிறது.

கவனமாக இருக்க வேண்டியது வேறு இடத்தில். வழக்கு ஏதும் உண்மையிலேயே இருந்து, விண்ணப்பப் படிவமும் அதைக் கேட்டால், மறைக்கக்கூடாது. 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லியது. சின்ன வயதில் செய்த சில்லறைக் குற்றத்தை வேலை கொடுப்பவர் பெருந்தன்மையோடு மன்னித்துவிடலாம். மறைத்தது தெரிந்தால் மறைத்த காரணத்துக்காகவே வேலை போகலாம். ஒரு பீருக்காக வேலை போனவர்களைவிட ஒரு பொய்க்காக வேலை போனவர்கள்தான் அதிகம் என்பது என் அனுபவம்.

இனி மகனுடைய கேள்வி

மகன் ஒரு விஷயத்தை முடிந்த முடிவாக எடுத்துக்கொண்டிருக்கிறான்: ஒருவன் ஒரு குறிப்பிட்ட நாளில் 'பெரியவன்' ஆகிறான், அன்றே எல்லாக் கதவும் திறக்க வேண்டும் என்று. நம் சட்டம் அப்படி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. 16-ல் கியர் இல்லாத 50 சிசி வண்டி, 18-ல் பைக்கும் காரும், டாக்ஸியோ லாரியோ ஓட்ட 20. ஆணுக்குத் திருமண வயது 21, ஊராட்சித் தேர்தலில் நிற்க 21, சட்டமன்றத்துக்கு 25, குடியரசுத் தலைவராக 35. ஓட்டுப் போடுகிற வயதும் ஓட்டுக் கேட்கிற வயதும் ஒன்றில்லையே என்று யாரும் வழக்குப் போடவில்லை. ஒவ்வொரு வயதும் ஒவ்வொரு கேள்விக்கான பதில்.

ஓட்டுக்கு என்ன கேள்வி? இந்த நாட்டின் முடிவுகள் உன்னைப் பாதிக்கின்றனவா, உனக்கு அதில் பங்கு வேண்டுமா என்பது. தவறாகப் போட்ட ஓட்டு லட்சம் ஓட்டில் ஒன்று, அதனால் யாரும் மலையிலிருந்து உருளப் போவதில்லை. 1988-ல் 61-வது அரசியல் சட்டத் திருத்தம் வந்து, 1989 மார்ச்சில் ஓட்டு வயது 21-லிருந்து 18 ஆனது. அந்த ஆண்டு நடந்த மக்களவைத் தேர்தலில்தான் 18 வயதுக்காரர்கள் முதன்முதலாக வரிசையில் நின்றார்கள். குடிக்கும் வயதையும் கூடவே இறக்குவோம் என்ற பேச்சே அப்போது எழவில்லை, எழவும் முடியாது. மது மாநிலப் பட்டியலில் இருக்கிறது, ஓட்டு வயது அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. இரண்டையும் முடிவு செய்வது இரண்டு வெவ்வேறு சபைகள். அதனால்தான் புதுச்சேரியில் 18, தமிழ்நாட்டில் 21, கேரளத்தில் 23 என்று ஆளுக்கொரு வயது. குஜராத்திலும் பீகாரிலும் மதுவே கூடாது.

பட்டாளத்துக்கு என்ன கேள்வி? "17½ வயதுக்காரனுக்குத் தானாக முடிவெடுக்கும் பக்குவம் வந்துவிட்டது, அதனால் துப்பாக்கி கொடுக்கிறோம்" என்று ராணுவம் எங்கேயும் சொல்லவில்லை. நடப்பது நேர் எதிர். எப்போது எழுவது, எப்படி முடி வெட்டுவது, எப்போது சாப்பிடுவது என்று ஒவ்வொன்றையும் அவன் கையிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். சுடும் களத்தில் ஒவ்வொரு ரவைக்கும் கணக்கு, பின்னால் ஒரு உஸ்தாத் (பயிற்சியாளர்) நிற்பார், உத்தரவு இல்லாமல் விரல் அசையாது. பீர் பாட்டிலோடு சாலையோரம் உட்காரும்போது பின்னால் யாரும் நிற்பதில்லை. துப்பாக்கியை நம்பிக் கொடுத்தவர்கள் பாட்டிலை ஏன் கொடுக்கவில்லை என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: துப்பாக்கியையும் அவனை மட்டும் நம்பிக் கொடுக்கவில்லை.

மதுவுக்குக் கேள்வி முழுக்கச் சேதம் பற்றியது. இங்கே நேர்மையாகப் பேச வேண்டும். 21 என்பது உடல் சொல்லும் எல்லை இல்லை. நிதானத்தையும் விளைவையும் எடைபோடும் மூளைப் பகுதி இருபதுகளின் நடுவரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது என்கிறார்கள் மருத்துவர்கள். அதை மட்டும் பார்த்தால் 25 என்றுதான் எழுத வேண்டும். 21 ஒரு நடைமுறை எல்லை. அதன் பலனை நம் பள்ளிக்கூடங்களில் பார்க்கலாம். 18 வயதுப் பையன் பிளஸ் டூவில் இருக்கிறான், அவன் பக்கத்தில் 16 வயதுப் பையன் உட்கார்ந்திருக்கிறான். வாங்கும் வயது 18 என்றால் பாட்டில் வகுப்பறைவரை வரும். 21 என்றால் வாங்குகிறவன் பள்ளியை விட்டுப் போய் மூன்று வருஷம் ஆகியிருக்கும். உங்கள் மகனுக்கு வாங்கித் தந்தவன் மூத்த நண்பன் என்கிறீர்கள். வயது இடைவெளி இருந்தும் கசிகிறது, இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்று பாருங்கள்.

அரசே கடை நடத்தி, அரசே வருமானம் பார்த்து, அரசே 21 என்று பலகை மாட்டுகிற வேடிக்கையை நான் மறுக்கவில்லை. நீலகிரியில் காலி பாட்டில் யானைக் காலைக் கிழிக்கிறது என்று நீதிமன்றம் தலையிட்டு, 2022-ல் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கித் திருப்பித் தரும் ஏற்பாடு இங்கேதான் முதலில் வந்தது. காலி பாட்டிலைக் கணக்காகத் திரும்ப வாங்க முடிகிற கடையில், வாங்குகிறவனின் ஆதாரைப் பார்ப்பதும் முடியாத காரியம் இல்லை. செய்தால்தானே.

இந்தக் கேள்வி ஏற்கெனவே ஓர் இடத்தில் நடந்து முடிந்தது

மகனுடைய வாதத்துக்குச் சொந்த ஊர் அமெரிக்கா. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ல், கட்டாய ராணுவ சேவைக்கான வயதை 18-ஆக இறக்கினார்கள். ஓட்டு வயது பெரும்பாலான மாநிலங்களில் 21-ஆகவே இருந்தது. சண்டைக்கு அனுப்பும் வயது வந்தால் ஓட்டுக்கும் வந்ததுதான் என்ற குரல் வியட்நாம் போரில் பெரிதாகி, 1971-ல் அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 26-வது திருத்தம் ஓட்டு வயதை 18 ஆக்கியது. அந்த வாதம் வென்றது, வெல்ல வேண்டியதும்தான். தன்னைப் போருக்கு அனுப்புகிறவர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஒருவனுக்கு வேண்டும்.

அதே வேகத்தில் பல மாநிலங்கள் குடிக்கும் வயதையும் 18, 19 என்று இறக்கின. இளைஞர்கள் ஓட்டிய வண்டிகள் மோதிச் சாவுகள் கூடின. வயது குறைந்த மாநிலத்துக்கு எல்லை தாண்டிப் போய்க் குடித்துவிட்டு, ராத்திரி திரும்பும் வழியில் செத்தவர்கள் உண்டு. 1984-ல் ஒரு சட்டம் வந்தது: 21-க்குக் கீழ் விற்க விடும் மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கு கிடையாது. தெற்கு டகோட்டா எதிர்த்து வழக்குப் போட்டு 1987-ல் தோற்றது. 1988-க்குள் எல்லா மாநிலமும் 21-க்குத் திரும்பிவிட்டன. ஓட்டு வயது 18-லேயே நின்றது, குடிக்கும் வயது மேலே ஏறியது. இரண்டையும் ஒன்றாக்கிப் பார்த்த நாடுதான் மறுபடி பிரித்தது.

எல்லை தாண்டும் கதையைப் படித்தபோது உங்கள் கடிதத்தில் கர்நாடக எல்லை பற்றி மகன் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. அவன் நினைப்பது பாதிதான் சரி. கர்நாடகத்தின் 1965-ஆம் ஆண்டுக் கலால் சட்டம் 18 என்கிறது, 1967-ஆம் ஆண்டு உரிம விதிகள் 21 என்கின்றன. அந்தக் குழப்பத்தை உரிமையாக நினைத்துக் கக்கநல்லா எல்லைச் சாவடி தாண்டிப் போவது புத்திசாலித்தனம் இல்லை. அங்கிருந்து பாட்டிலோடு திரும்பினால் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் காத்திருக்கிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டினால், 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டிய முதல் தடவைக்கே ஆறு மாதம்வரை சிறையோ 10,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ. கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வழக்கு? போடலாம், நிற்காது. மது வியாபாரம் அடிப்படை உரிமை இல்லை என்று 1994-லேயே கோடே டிஸ்டிலரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. விற்பதற்கே இல்லாத உரிமையை வாங்குவதற்கு நிலைநாட்டுவது கடினம். வயதை எங்கே வைப்பது என்பதிலும் நீதிபதிகள் பொதுவாக ஒதுங்கியே நிற்பார்கள். பெண்ணின் திருமண வயதையும் 21 ஆக்கச் சொல்லி வந்த மனுவை, அது நாடாளுமன்றத்தின் வேலை என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இத்தனை சொன்ன பிறகும், மகனுடைய வாதத்தில் ஒரு முனை கூர்மையாகத்தான் இருக்கிறது. அவன் அதைத் தப்பான பக்கம் பிடித்திருக்கிறான். பொருந்தாமல் நிற்பது 21 இல்லை, 17½. ஓட்டுப் போட முடியாத வயதில், தனியாக ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியாத வயதில், நான்கு வருஷத்துக்கு ஒருவனைச் சேர்த்துக்கொள்கிறோம். அரசுக்கே இதில் ஒரு தயக்கம் உண்டு. ஆயுத மோதலில் சிறார்கள் பற்றிய ஐ.நா. ஒப்பந்த நெறியில் 2005-ல் இணைந்தபோது, 18 நிறையும் முன் யாரையும் களத்துக்கு அனுப்பமாட்டோம் என்று இந்தியா எழுதிக் கொடுத்திருக்கிறது. களத்துக்கு 18 என்றால் சேர்ப்பதற்கும் 18 என்று வைத்துவிட்டால் என்ன? ஆறு மாதத்தில் ராணுவம் ஒன்றும் இளைத்துவிடாது. ஓட்டும் பட்டாளமும் ஒரே வயதில் இருக்கட்டும், மது 21-லேயே இருக்கட்டும் என்பது என் கட்சி. மகன் இதை மறுத்துப் பேசட்டும், கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது.

20 வயதில் எல்லையில் உயிர்விட்ட பையனால் தன் ஊரில் ஒரு பீர் வாங்கியிருக்க முடியாது என்று அவன் சொன்னால், அது வலிக்கிற உண்மை. அதற்கு என்னிடம் சட்டப் பதில் கிடையாது. ஆனால் அந்த வலிக்கு மருந்து பீர் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பையனுக்கு நாம் தரவேண்டிய பாக்கி நான்கு வருஷத்துக்குப் பின் ஒரு வேலை, சரியான மருத்துவம், குடும்பத்துக்குப் பாதுகாப்பு என்று வேறு பட்டியல்.

ஓட்டும், அந்த இரண்டு தேதியும்

மகன் ஓட்டைப் பற்றிப் பேசுவதால் அதையும் பயன்படுத்தச் சொல்லுங்கள். முன்பு ஜனவரி 1 அன்று 18 நிறைந்திருந்தால்தான் பட்டியலில் சேர முடியும். 2022-லிருந்து ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதி நான்கும் தகுதி நாட்கள். 17 முடிந்தவர்கள் படிவம் 6-ஐ முன்கூட்டியே கொடுத்துவைக்கலாம். பட்டாளத்தில் சேர்ந்துவிட்டால் படிவம் 2 வழியாகச் சேவை வாக்காளர் ஆகிவிடுவான், ஊர்த் தொகுதிக்கே தபால் ஓட்டுப் போடலாம். உங்கள் கணவர் தன் காலத்தில் இதையெல்லாம் செய்தாரா என்று கேட்டுப் பாருங்கள், பல வீரர்கள் விட்டுவிடுகிறார்கள்.

இங்கேதான் நீங்கள் கடிதத்தின் ஓரத்தில் போகிற போக்கில் எழுதிய வரி முக்கியமாகிறது. மற்ற எல்லாவற்றையும்விட இதை முதலில் கவனியுங்கள். ராணுவம் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள தேதியைத்தான் எடுத்துக்கொள்ளும். சிறார் வழக்கில் வயதை நிர்ணயிக்கும்போதும் பள்ளித் தேதிச் சான்றும் பத்தாம் வகுப்புச் சான்றும் முதலில், அவை இல்லாவிட்டால்தான் பிறப்புச் சான்றிதழ். ஆதாரிலும் பள்ளித் தேதியே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அது ஒரு நிம்மதி. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் அவசரத்தில் மூன்று மாதம் முன்னால் போட்டிருப்பார்கள், நம் பக்கத்தில் இது நிறைய வீடுகளில் உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தேதியைத் திருத்த இப்போது கிளம்பினால் தேர்வுத்துறை, மறுத்தால் உரிமையியல் நீதிமன்றம் என்று இழுக்கும், தேர்வுக்காலம் தாண்டிவிடும்.

செய்யக்கூடாதது ஒன்றுண்டு. பட்டாளத்துக்கு ஒரு தேதி, வாக்காளர் பட்டியலுக்கு இன்னொரு தேதி என்று அவசரத்துக்குத் தகுந்தாற்போல் கொடுக்காதீர்கள். வாக்காளர் விண்ணப்பத்தில் தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தால் 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31-வது பிரிவில் ஓர் ஆண்டுவரை சிறை உண்டு. இரண்டு சான்றிதழ்களின் நகலையும், மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டு இன்னும் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு ஊட்டியில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு நாள் போய் வாருங்கள். பெண்களுக்கு அங்கே சட்ட உதவி இலவசம். போகும் முன் 15100 என்ற எண்ணில் கேட்டுக்கொள்ளலாம். அக்னிவீர் விண்ணப்பத்தில் தேதியை நிரப்புவதற்கு முன்பே போங்கள். முடிந்தால் மகனையும் கூட்டிக்கொண்டு.